உரிமைப் பக்கம்

2025 ஜூன் 3, செவ்வாய்

முதல் புத்தகத்துக்கு மறுபதிப்புப் போடச் சொல்லிச் சென்னைப் பதிப்பகத்துக்கு எழுதியிருந்தேன். இன்று பதில் வந்தது. புதிதாக ஒரு ‘பேக்கேஜ்’ எடுத்துக்கொண்டால் போட்டுத் தருவார்களாம். போன தடவையே அச்சு, அட்டை, பிழை திருத்தம் எல்லாம் என் காசு. ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கென்று தனியாகவும் ஒரு தொகை வாங்கினார்கள். அந்த எண் அவர்கள் பதிப்பகத்துப் பெயரில் இருக்கிறது. நானாக மறுபடி அச்சடித்தால் அதைப் போடக் கூடாது, வேறு எண் வாங்க வேண்டும்.

ராத்திரி ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். உரிமை எத்தனை வருஷத்துக்கு என்று எந்த வரியிலும் இல்லை. நல்லதாகப் போயிற்று. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், 19-ஆம் பிரிவு: காலம் குறிக்காமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் அது 5 ஆண்டோடு முடிந்துவிடும். அந்த 5 ஆண்டு போன மார்ச்சில் கழிந்தது. புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது, பதிப்பகத்தையும் நானே போட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பேச்சை எடுத்ததுமே தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா சிரித்தார். “ஏம்மிணி, அவங்க புஸ்தகத்த அவங்களே போட்டுக்கறதுக்குப் பேரு பதிப்பகமா?”

உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைக் கையொப்பக்காரர்களிடம் முன்பணம் வாங்கித்தானே ஐயா அச்சேற்றினார் என்றேன். 1920-ல் கடையத்தில் உட்கார்ந்துகொண்டு பாரதி தன் எழுத்தையெல்லாம் 40 பிரிவாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடப் போகிறேன் என்று நண்பர்களிடம் கடன் கேட்டார். பணம் வரவில்லை, மறு வருடம் ஆளே போய்விட்டார். சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர், புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர். ‘சுதந்திர தாகம்’ நாவலையும் 1997-ல் தாமேதான் போட்டார். அவர் மறைந்தபின் 2001-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? அன்றைய தாராபுரம் வட்டத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம். 1942-ல் வந்த ‘நாகம்மாள்’ நாவலை எழுதியவர். தம்பியோடு சேர்ந்து கோவையில் ‘புதுமலர் நிலையம்’ என்று பதிப்பகமும் ‘வசந்தம்’ என்று பத்திரிகையும் நடத்தினார். நம்மூர்ப் பேச்சை நாவலில் ஏற்றியவருக்கே சொந்தப் பதிப்பகம் ஒன்று வேண்டியிருந்தது.

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவரு அடுத்தவங்க புஸ்தகமும் போட்டாருல்ல?” என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 21, சனி

ஆடிட்டர் ஆபீஸ். பனியன் கம்பெனிக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கே இவ்வளவு சுலபமா என்று இருந்தது. தனியாள் தொழிலாகப் போதும், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதைக் காட்டிப் பதிப்பகப் பேரில் நடப்புக் கணக்கு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதை மட்டும் விற்கிறவர் பதிவு செய்யவும் வேண்டாம். தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் கட்டுகிற வரி திரும்பி வராது, அது நம் செலவு.

“ஆனா ஒண்ணுங்க்கா. நாளைக்கு இன்னொருத்தர் புஸ்தகம் போட்டு ராயல்டி குடுத்தீங்கன்னா, அதுக்கு உண்டான ஜிஎஸ்டி உங்க தலைல விழுகும். அப்பப் பதிவு பண்ணித்தான் ஆகோணும்.”

சட்டமும் ஐயா கேட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது.

பதிப்பகத்துக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் எல்லோரும் ஆற்றின் பெயரையே வை, அமராவதி என்கிறார்கள். இந்த ஊர்க் கடைத்தெருவில் பாதிப் பலகை அந்தப் பெயர்தான்.

ஜூலை 6, ஞாயிறு

ஐஎஸ்பிஎன் கொடுப்பது டெல்லியில் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது. விண்ணப்பம் இணையத்தில். கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதற்குத்தான் நான் பணம் கட்டியிருந்தேன்.

எண் வந்ததும் கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்கவில்லை. 13 இலக்கத்தில் கடைசி இலக்கம் காவல்காரன். முதல் 12-ஐயும் ஒன்றுவிட்டு ஒன்று 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13-வது. கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. அந்த வரிசையில் இனி என் பெயர்தான் பதிப்பாளர்.

ஜூலை 19, சனி

அச்சகக்காரர் தாள் மாதிரி அனுப்பினார். நேச்சுரல் ஷேடு, 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம். பனியன் துணியையும் இதே கணக்கில் அளக்கிற இந்தப் பக்கத்து ஆளிடம் ஜிஎஸ்எம் என்று சொல்லிவிட்டுச் சும்மா போக முடியுமா? திங்கள்கிழமை கம்பெனிக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

செக்கிங்கில் துணி வெட்டுகிற ரவுண்டு கட்டரை வாங்கித் தாளின்மேல் வைத்து அழுத்தித் திருகினேன். 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் விழுந்தது. மின் தராசில் 0.69 கிராம். நூறால் பெருக்கினால் 69. பரவாயில்லை, நேர்மையான ஆள். கட்டர் பையன், “என்னங்க்கா, பேப்பர்ல பனியன் போடறீங்களா?” என்றான்.

டெமி 1/8 அளவில் 16 பக்கம் ஒரு பாரம். கோத்துப் பார்த்ததில் என் கதைகள் 179 பக்கம். 11 பாரத்துக்கு 176தான் கொள்ளும். மூன்று பக்கத்துக்காக ஒரு பாரம் கூடினால் 13 பக்கம் வெள்ளையாகப் போகும். மூன்று பக்கத்தை வெட்டினேன். ஒரு கதையில் மழை வர்ணனை முழுசாகப் போனது. பழைய பதிப்பிலேயே இல்லாமல் இருந்திருக்க வேண்டிய மழை. காசு போகிறது என்றதும் எழுத்தாளருக்கு எடிட்டர் கண் திறக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில் கூட்டம். நான் கடைகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். கழிவு 35 முதல் 40 சதவீதம், பணம் விற்ற பிறகு. விலை 200 என்றால் கைக்கு 120, அதுவும் எப்போதென்று கேட்கக் கூடாது. ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கிற மாதம். அங்கே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு அரங்கு எடுத்தால் வாடகைக்கே கட்டாது. தெரிந்த பதிப்பகத்து மேசை ஓரத்தில் பத்துப் பிரதி வைக்க இடம் கேட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

புத்தகம் வந்தது. அனுப்புவதற்குத் தபாலாபீசில் ‘ஞான் போஸ்ட்’ என்ற புத்தக அஞ்சல். பதிவுப் புத்தக அஞ்சலைப் போன டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். மே 1 முதல் இது. 300 கிராம் வரை 20 ரூபாய். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களுக்கு மட்டும்.

“கதைப் புஸ்தகம் இதுல எதுல வருமுங்க?” என்றார் தபால் ஊழியர்.

“பண்பாட்டுல போடுங்க சார்” என்றேன்.

அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும் என்று உரிமைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது.

1954-ஆம் வருடத்து நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் பதிப்பாளர் செலவில் ஆளுக்கொரு பிரதி போக வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை அபராதம், புத்தகத்தின் விலையும் சேர்த்து. அபராதத்துக்குப் பயந்து யாரும் அனுப்பப் போவதில்லை. ஆனால் நான் செத்த பிறகும் இந்தப் புத்தகம் இருக்கப்போகிற இடம் அந்த நாலு அலமாரிதான். நாலையும் இன்றே அனுப்பினேன். போன பதிப்பு அங்கெல்லாம் போனதா என்று யாரைக் கேட்பது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஐயா வீட்டுக்குப் போய்ப் பிரதி கொடுத்தேன். உரிமைப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார். பிறகு உள்ளே போய், இந்தப் பக்கத்துக் கிணறு, ஏற்றம், வண்டிமாடு பற்றி அவர் எழுதி வைத்திருக்கிற நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். “எங்கிட்டக் காசு வாங்கீட்டுப் போடறதா இருந்தா வேண்டாஞ் சாமி.”

வாங்க மாட்டேன் என்றேன். ராயல்டிக்கு எழுத்தில் ஒப்பந்தம், உரிமை மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று அதில் காலம் குறிப்பிட்டு. ஜிஎஸ்டி பதிவுக்கு ஆடிட்டரிடம் சொல்லியாயிற்று.

காசு கட்டிப் புத்தகம் போடப் போகிறவர்களுக்கு ஒன்று. கையெழுத்துப் போடும் முன்னால், ஐஎஸ்பிஎன் யார் பெயரில் வாங்குகிறீர்கள், உரிமை எத்தனை வருஷம் என்று கேளுங்கள். எண்ணுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். டெல்லியில் அது இலவசம்.