விலகிச் செல்லும் குரல்

அமெரிக்காவில் ஒருவன் குடிபோதையில் காதலியின் காரைத் துப்பாக்கியால் சுட்டான். என்ன கற்றுக்கொண்டாய் என்று நீதிபதி கேட்க, நேசிக்காத பெண்ணை நேசிக்க வைக்க முடியாது என்றானாம். இந்தப் பத்திரிகைச் செய்தியே மைக் ரீட், அலன் ஷாம்ப்ளின் எழுதிய பாடலுக்குக் கருவானது. 1991 இல் போனி ரெயிட் பாடினார். 1997 இல் ஜோர்ஜ் மைக்கல் மீண்டும் பாடி வெளியிட்டார்.

எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். தன்னை விரும்பாத உள்ளத்தை ஓர் ஆண்குரல் மிரட்டாமல், சபிக்காமல் விட்டுவிடுகிறது. நாம் பார்க்கும் திரைப்படங்களிலோ, "வேண்டாம்" என்றவளை விடாமல் துரத்துபவனே கதாநாயகன்.

மறுத்ததற்காகப் பெண்கள் தாக்கப்படும் செய்தி வந்தால், "கவனமா இரு மகள்" என்பார் உம்மா. "தம்பிக்கும் சொல்லுங்க உம்மா, வேண்டாமென்றால் விலகிடணும் என்று" என்றேன்.