வேற்றுரு

விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நான்கு ஸ்டேஷன்கள் கடக்கும் நேரம் முழுதும் அவனுடையது. பாங்கில் உட்கார்ந்த பிறகு அவன் கவுண்டருக்குப் பின்னால் நீளும் ஒரு கை மட்டுமே. நான் வாசித்தது அனேகமாக எல்லாம் இந்த முப்பத்தேழு கிலோமீட்டரில் வாசித்ததுதான். ஆனால் மயிலம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். வெகுநாள் பழக்கம். ஏன் என்று என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சமீபத்தில் மணிமேகலையைத் திரும்பவும் எடுத்தபோது கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது.

முதலில் ஒரு வாபஸ். சில வருஷங்களுக்கு முன் இதே அளவுக்குச் சிறிய வேறொரு பத்திரிகையில், 'சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை'யைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தேன்: கவிதை தூங்கப் போன இடத்தில் பாடத்திட்டம் விழித்துக்கொண்டது என்று. நண்பர்கள் இரண்டு பேர் அந்த வாக்கியத்தைப் பாராட்டிக் கார்டு எழுதினார்கள். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை எழுதியபோது அந்தக் காதையை நான் முழுசாகப் படித்திருக்கவில்லை. நம்மில் பலர் செய்கிற காரியம்தான் இது. உவவனம், பளிக்கறை, மணிபல்லவம், அமுதசுரபி வரைக்கும் காவியத்தோடு போவோம். அதற்கப்பால் பௌத்தம் பேச ஆரம்பித்ததும் இறங்கிவிடுவோம். உ.வே.சா. இந்த நூலை 1898இல் அச்சேற்றியபோது அவருக்குப் பெரும்பாடாக இருந்த பகுதிகளே நமக்கு இன்று அலுப்பூட்டும் பகுதிகளாகி இருக்கின்றன.

அந்தக் காதையில் என்ன நடக்கிறது? ஒரு பெண் ஆண் வேடத்தில் பாடம் கேட்கப் போகிறாள். இவ்வளவுதான். தமிழில் இதற்கு முன் இப்படி ஒருத்தி போனதாக எனக்கு நினைவில்லை.

வஞ்சி நகரத்தில் கண்ணகி படிமத்தின் முன் மணிமேகலை நிற்கிறாள். படிமம் பேசுகிறது. நீ சின்னப் பெண், வளையல் அணிந்தவள். உன்னிடம் எவரும் தங்கள் தத்துவத்தின் சாரத்தைச் சொல்லமாட்டார்கள். வேறு வடிவம் எடுத்துக்கொண்டு போ என்கிறது. நியாயத்தை உடைத்தெறிய மதுரையையே எரித்தவள், வித்தையின் வாசலில் நிற்கும் தன் மகள் முறையான பெண்ணுக்குத் தரும் யோசனை இது. எரி என்று சொல்லவில்லை. மாறு என்கிறாள். மணிமேகலையும் ஆண் துறவியின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேரிடம் வரிசையாகப் போய்க் கேட்கிறாள். பத்துப் பேரும் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

நம் மரபில் ஆண் பெண்ணாவது புதிதல்ல. நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆண் கட்டிய திரௌபதியைப் பார்த்துத்தான் பெண்கள் அழுதார்கள். ஆண் பெண்ணாவதெல்லாம் பேசுவதற்காக. தன் குரலில் பேச முடியாத காதலை, அழுகையைப் பேசுவதற்காக. மணிமேகலை ஆணாவது கேட்பதற்காக. வேடம் அவளுக்குக் காதைத் திறந்துவிட்டு வாயை மூடிவிடுகிறது.

பி.ஏ.வில் எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' பாடம். 1602 பிப்ரவரி 2ஆம் தேதி லண்டன் மிடில் டெம்பிளில் அது நடிக்கப்பட்டதை மானிங்ஹாம் என்ற சட்ட மாணவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்ததை ஒப்பித்துப் பத்து மார்க் வாங்கினேன். அதில் வயோலா ஆண் வேடத்தில் பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்து அவன்மேலேயே காதல் கொள்கிறாள். அதைச் சொல்ல முடியாமல், என் தகப்பனுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் ஒருவனைக் காதலித்துச் சொல்லாமலே இருந்துவிட்டாள் என்று கதை கட்டிச் சொல்கிறாள். வயோலாவுக்கு வேடம் ஒரு விளையாட்டு மைதானம். சொல்லாமல் சொல்ல இடம் கிடைக்கிறது. கடைசிக் காட்சியில் பிரபுவின் கையும் கிடைக்கிறது. மணிமேகலைக்கு அப்படி இல்லை. வஞ்சிக்கு வரும்போதே அவள் காதலன் செத்துப்போயிருந்தான்.

உவவனத்தில் உதயகுமாரன் வந்துபோன பின் அவள் சுதமதியிடம் சொன்னதை நினைத்துப் பார்க்கலாம். அவன் என்னை இழிவாகத்தான் பேசினான். இருந்தும் அந்தப் புதியவன் பின்னால் என் நெஞ்சு போய்விட்டது. இதுதான் காமத்தின் இயல்பென்றால் அது கெட்டொழியட்டும் என்கிறாள். பிறகு மணிபல்லவத்தில் தெரிகிறது, முற்பிறப்பில் அவன் அவளுடைய கணவன் இராகுலன் என்று. ஊருக்குத் திரும்பிய பின் அவனைக் காணும்போது அந்த நினைவில் வணங்கவும் செய்கிறாள். அவனிடமிருந்து தப்பக் காயசண்டிகை வடிவம் எடுக்கிறாள். அந்த வடிவத்தில் அவனோடு பேசவும் செய்கிறாள். பேசுவது காதலையா? ஒரு கிழவியைச் சுட்டிக்காட்டி உடம்பின் அழிவைப் போதிக்கிறாள். அதைப் பார்த்த காயசண்டிகையின் புருஷன் தன் மனைவிதான் பிற ஆடவனோடு பேசுகிறாள் என்று நினைத்து உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். வேடத்தைக் களைந்து தன் உருவில் அவள் அழும்போது கேட்பதற்கு அவன் இல்லை. அடுத்து, அரண்மனையில் அவளைக் கெடுக்க அரசி ஒரு வாலிபனை ஏவுகிறாள். அப்போதும் ஆண் உருக் கொண்டுதான் தப்புகிறாள். ஆக, வஞ்சிக்கு வருவதற்குள் அவள் உருமாறி ஒருவன் உயிர் போயிருக்கிறது. உருமாறித் தன் மானம் நின்றிருக்கிறது. மூன்றாவது வேடத்தோடுதான் பாடம் கேட்க உட்காருகிறாள். அந்தத் துறவியின் காவிக்குள் என்ன இருந்தது என்று பத்து ஆசிரியர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வறட்சி என்று நான் எழுதியது அந்தப் பத்துப் பேருடைய வறட்சியை.

ஒன்பது பேர் சொல்லும்வரை எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. பத்தாவதாகப் பூதவாதி. காண்பது ஒன்றே பிரமாணம், இன்பமும் துன்பமும் இந்தப் பிறப்போடு சரி, மறுமை என்பது பொய் என்கிறான். பேச்சு முற்பிறப்புக்கு வருகிறது. தெய்வம் ஏறியவர்களும் கனாக் கண்டவர்களும் சொல்வதை நம்ப முடியாது என்று அவன் தள்ளுகிறான். அங்கேதான் அவள் வாய் திறக்கிறாள். உன் தாய் தகப்பனை மட்டும் அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள்.

உரைக்காரர்கள் இதைத் தர்க்கம் என்று விளக்குவார்கள். தர்க்கம்தான். ஆனால் ஒன்பது பேரிடம் கேட்காத தர்க்கம் பத்தாவது ஆளிடம் ஏன் வந்தது? முற்பிறப்பு பொய்யென்றால் இராகுலனும் பொய். இராகுலன் பொய்யென்றால் உவவனத்தில் அவள் நெஞ்சு போனது யாரோ ஒரு வழிப்போக்கன் பின்னால். கெட்டொழியட்டும் என்று அவள் சபித்த வெறும் காமமாக அது ஆகிவிடும். அவள் தத்துவத்துக்காகப் பேசவில்லை, செத்துப்போன ஒருவனுக்காகப் பேசினாள் என்றுதான் நான் வாசிக்கிறேன். சாத்தனார் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் அந்த ஒரு கேள்வியை அந்த ஓர் இடத்தில் வைத்திருக்கிறார்.

இந்த வரிகள்மேல் கண் இருந்தபோதுதான் வண்டி மயிலத்தில் நின்றது. வழக்கம்போலப் புத்தகத்தை மூடினேன்.

எங்கள் கிராமம் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் உள்ளடங்கி இருக்கிறது. 2001. அக்கா பிளஸ் டூ, நான் ஏழாவது. கோடையில் அவளுக்கு டைபாய்டு கண்டது. பிழைத்தால் போதுமென்று அம்மா மயிலம் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடம் திறந்து நாலைந்து மாதத்தில் முடி ஆண்பிள்ளை கிராப்பு அளவுக்கு வளர்ந்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு கணக்கு வாத்தியார் டியூஷன் வைத்திருந்தார். பெண்களுக்கு மாலையில் பேட்ச். அதில் பாஸ் பண்ணுவதற்கு வேண்டிய கணக்குகள் மட்டும். இன்ஜினீயரிங் நுழைவுத்தேர்வுக்கான கணக்குகள் இரவு பேட்சில். அதில் ஆண்கள் மட்டும். அப்பா போய்க் கெஞ்சினார். வாத்தியார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கிராப்புதானே இருக்கு. பேன்ட் சட்டை போட்டு அனுப்புங்க. கூடத் தம்பி வரட்டும். ரோட்டுலயும் பயமில்ல." கண்ணகி சொன்ன அதே யோசனை.

அப்பாவின் சட்டையில் அக்கா சைக்கிள் மிதிப்பாள். நான் காரியரில். இரவு ஒன்பதரை வரை நான் வெளித் திண்ணையில் சைக்கிளைக் காவல் காப்பேன். வாத்தியார் அவளையும் 'தம்பி' என்றே கூப்பிட்டார். எங்கள் ஊர்ப் பையன்கள் யாரும் அதில் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் எழுதுவாள். இரண்டு மாதம் நடந்தது.

ஒருநாள் வாத்தியார் ஒரு பையனை எழுப்பி நிறுத்தினார். பீஸ் பாக்கி. இதுகளெல்லாம் படித்து என்ன கிழிக்கப்போகிறது என்கிற தினுசில் பேசிக்கொண்டே போனார். திண்ணையிலிருந்த எனக்கு அக்காவின் குரல் கேட்டது. "நேத்து நீங்க விட்ட கணக்க எங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினதே அவருதான் சார்." சுத்தமான பெண் குரல். ஒரு கணம் நிசப்தம், அப்புறம் ஒரே சிரிப்பு. அந்த 'அவரு'தான் எனக்கு இன்றுவரை காதில் இருக்கிறது. தன் வயசுப் பையனை அவர் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரு காரணம்தான் உண்டு.

திரும்பும்போது மயிலம் பிரிவு ரோடு வரைக்கும் பேசவில்லை. அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு, "வூட்ல சொல்லாதடா" என்றாள்.

சொன்னேன். எந்தத் துவேஷமும் இல்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்ற பெருமைதான். அம்மாவிடம் சொன்னது அப்பாவிடம் போயிற்று. மறுநாளிலிருந்து இரவு பேட்ச் இல்லை. பேன்ட் சட்டையும் இல்லை. நுழைவுத்தேர்வு எழுதவில்லை. பத்தொன்பதில் செஞ்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறாள். இதை எழுதுவதால் அவளுக்கு ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். விமர்சகன் என்ற பெயரில் நான் செய்வது, பிறர் சொல்லாமல் வைத்ததைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்வது. அந்தத் தொழிலை நான் எங்கே கற்றேன் என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

காஞ்சியில் அறவண அடிகளிடம் மணிமேகலை தன் வேற்றுருவைப் பற்றிச் சொல்கிறாள். அந்த உருவத்தைப் போலவே அங்கு கேட்ட சமயங்களும் செவ்வையாக இல்லை. மனசில் வைக்கவில்லை என்கிறாள். அவர் அவளை அவளாகவே வைத்துப் பாடம் தொடங்குகிறார். முதல் பாடம் அளவை. காட்சி, அனுமானம். பூதவாதியிடம் பாதியில் நின்றுபோன கேள்வி இங்கே பாடமாகிறது. என் அக்காவுக்கு அப்படி ஒரு காஞ்சி அமையவில்லை.

சென்ற பங்குனி உத்திரத்துக்கு மயிலம் வந்தவள் எங்கள் கிளைக்கும் வந்தாள். அவள் பெயரிலேயே ஒரு நகைக் கடன். அவள் போட்ட கையெழுத்தையும் எங்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆள் அவளேதான் என்று உறுதி செய்வது என் வேலை. செய்தேன். பிறகு, இப்படி ஒன்று எழுதலாமென்று இருக்கிறேன், உனக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பேரு இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எழுதிக்க," என்றாள். ரசீதை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு போனாள்.