வினாவின் நேர்மை

மனிதரின் குணத்தை அறிதற்கெனக் கேட்கப்படும் வினா, கேட்பவரின் குணத்தையும் உடன் வெளிப்படுத்திவிடுகின்றது. விளையாட்டாகத் தோன்றும் ஒரு முயற்சியிலே இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

1997 இல் வெளிவந்த ஜே. கே. றோலிங்கின் முதலாவது ஹரி பொட்டர் நாவலில், மந்திரத் தொப்பியொன்று புதிய மாணவரை நான்கு இல்லங்களுக்குப் பிரித்தனுப்புகின்றது. கிறிபின்டோர் துணிவையும், ஹபிள்பவ் உழைப்பையும் விசுவாசத்தையும், றேவன்குளோ அறிவையும், சிலிதரின் உயரும் வேட்கையையும் போற்றுவன. பாடசாலை இல்லங்களை விளையாட்டுப் போட்டிக்குரிய பிரிவுகளாகவே அறிந்த இலங்கை வாசகர்க்கு, குணத்தால் இல்லம் வகுக்கும் இக்கற்பனை புதுமையானதே.

2000 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், லைவ்ஜேர்னல் முதலிய இணையத் தளங்களிற் கூடிய இரசிகர்கள் இக்கற்பனையைத் தாமே நடத்திப் பார்த்தனர். சேர விரும்புவோர் வினாக்கொத்தொன்றுக்கு விடையெழுதுவர். முன்னரே சேர்ந்தோர் அவ்விடைகளைப் படித்து, உரிய இல்லம் எதுவென வாக்களிப்பர். தொப்பி நேரே மனத்தினுட் புகுந்து பார்த்தது. மனிதர்க்கோ வினாவையன்றி வேறு வழியில்லை. விண்ணப்பிப்போர் தம்மைத் தாமே தேடும் இளம் பருவத்தினராயின், "நீர் இத்தகையவர்" என முகமறியாதார் கூடிக் கூறும் தீர்ப்பு அவர்தம் உள்ளத்தில் நெடுநாள் தங்கக்கூடும். ஆதலின் வினா நேர்மையுடையதாதல் வேண்டும்.

நேர்மையற்ற வினாவின் முதற் குறை, விரும்பத்தக்க விடையைத் தானே காட்டிக்கொடுப்பதாகும். "நீர் துணிவுடையவரா?" எனின் இல்லையென்பார் எவர்? தம்மை நல்லவராகக் காட்டும் இவ்வியல்பை அளவிடுதற்கென்றே குறவுண், மார்லோ என்னும் உளவியலாளர் 1960 இல் 33 கூற்றுக்கள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டனர். இதற்கு மாற்று, இரு நன்மைகளை மோதவிடுதலாகும். குழுவாகச் செய்யவேண்டிய ஒப்படையில் நண்பன் தன் பங்கைச் செய்யவில்லை. எஞ்சியிருப்பது ஓர் இரவு. அதனைத் தானே செய்து முடிப்பதா, நண்பனைக் கண்டிப்பதா, விரிவுரையாளரிடம் கூறுவதா? இங்கு எவ்விடையும் இழிவானதன்று. எனினும் நண்பனின் பங்கையும் செய்து முடிப்பவன் அன்பினாலோ, புள்ளி குறையுமென்ற கவலையினாலோ, சச்சரவுக்கு அஞ்சியோ அதனைச் செய்யலாம். எனவே "ஏன்?" என்று கேளாத வினா செயலை அறியுமேயன்றிக் குணத்தை அறியாது.

இரண்டாவது குறை, வாழ்க்கை வசதியைக் குணமென மயங்குவதாகும். கடந்த ஆண்டிற் படித்த நூல்கள் எத்தனை என்ற வினா, அறிவு வேட்கையை அளப்பதிலும் பார்க்க நூலகத்தின் அண்மையையே அளக்கின்றது. நீண்ட ஆங்கில விடையை வேண்டும் வினாவும் அத்தகையதே. ஆங்கிலத்தைப் பிற்காலத்திற் கற்றவரின் மூன்று வரிகளில், தாய்மொழியாக உடையவரின் மூன்று பக்கங்களிலும் ஆழ்ந்த சிந்தனை இருத்தல் கூடும்.

விண்ணப்பித்தவர் முடிவை ஏற்று மகிழ்ந்தமையே வினாக்களின் செம்மைக்குச் சான்று எனல் பொருந்தாது. பேட்ரம் போரர் என்னும் உளவியலாளர் 1948 இல் 39 மாணவர்க்கு ஒரே குணவிவரணத்தை, தனித்தனியே எழுதியதுபோல வழங்கினார். அது தமக்குப் பொருந்துமாற்றுக்கு அவர்கள் அளித்த சராசரிப் புள்ளி 5 இற்கு 4.26. அதனினும் நம்பத்தக்க சோதனைகள் உள. ஒரே விடையைப் பெயர் மறைத்து இருவர் தனித்தனியே படிக்கட்டும். அவர்தம் முடிவுகள் அடிக்கடி வேறுபடின் பிழை வினாவில் இருத்தல் கூடும். எல்லோரிடமிருந்தும் ஒரே விடை பெறும் வினாவை நீக்கிவிடலாம்.

இவற்றினும் ஆழமானது வினா அமைப்பவரின் சார்பு. நாவலிற் கொடியோர் பலர் சிலிதரினைச் சேர்ந்தவர். அதனால் அவ்வில்லத்துக்குரிய விடையை வஞ்சகமாகவே எழுதிவிடும் வழக்கம் எளிதில் நேர்கின்றது. பின்னர் அவ்விடையை எவரும் தெரிவதில்லை, தெரிந்தவரோ வெட்கமுறுகின்றார். வினாவை அமைப்பவர், தாம் மதிக்கும் ஒருவர் இவ்விடையைக் கூறுவாரா என ஒவ்வொரு விடையையும் குறித்துத் தம்மையே கேட்டல் வேண்டும். கூறமாட்டார் எனின் அவ்விடை திருத்தத்துக்குரியது.

சிலிதரின் வேண்டாமென்ற ஹரியின் வேண்டுதலைக் கேட்ட பின்னரே தொப்பி அவனைக் கிறிபின்டோருக்கு அனுப்பியது. மனத்தை முழுமையாகக் காணவல்ல தொப்பியே சிறுவனின் விருப்பத்துக்குச் செவிகொடுத்ததெனின், சில வரிகளை மட்டும் காணும் மனிதர் விண்ணப்பதாரியின் விருப்பையும் அதன் காரணத்தையும் கேளாது தீர்ப்பெழுதுதல் முறையாகாது.