மணிப் பூட்டு

திண்டுக்கல் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது பிரியாணிதான் ஞாபகம் வருகிறது. எங்கள் தலைமுறைக்கு ஞாபகம் வருவது பூட்டு. 2019-ஆம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்துக் கௌரவித்தார்கள். கௌரவம் வந்து சேர்ந்த சமயத்தில் பல பட்டறைகள் மூடிக் கிடந்தன என்பது வேறு விஷயம்! அந்தப் பூட்டுகளில் மணிப் பூட்டு என்று ஒரு தினுசு உண்டு. சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும். திருடனுக்காக மட்டும் வைத்த மணியல்ல அது. வீட்டு எஜமானரே நடுராத்திரியில் பெட்டியைத் திறந்தாலும் வீடு முழுவதும் கேட்கும். என் தாயாருக்கு இந்தப் பூட்டின் மேல் அபார மரியாதை. "காசு வைக்கிற பெட்டிக்கு இதுதான் பூட்டு" என்பாள்.

எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் பூட்டைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே சமாசாரம் என்பது என் அபிப்பிராயம்.

என் தகப்பனாருக்கு நாகல் நகர்ப் பக்கம் சொந்தப் பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு கூரை, இரண்டு வைஸ், நாலைந்து அரம், கூலிக்கு 2 ஆள், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் வியாபாரியிடம் பூட்டுகளைப் போட்டுவிட்டு, ஆள் கூலி போக மிச்சத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுப்பார். அவள் எண்ணிப் பார்ப்பாள். குறைந்தால் கேட்பாள்.

"ஏங்க, போன வாரத்துக்கு இந்த வாரம் 8 ரூபா குறையுதே, எங்கே போச்சு?"

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு காரணம் சொல்வார். சில காரணம் செல்லும், சில செல்லாது. அவர் கோபக்காரர்தான். ஆனாலும் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தால்தான் அடுத்த வாரத்துக்குத் தகடு வாங்கலாம். அதனால் எங்கள் வீட்டில், யாரும் எழுதி வைக்காத ஒரு அரசியல் சட்டம் ஒழுங்காக நடந்து வந்தது.

1973-ஆம் வருஷக் கடைசியில், இஸ்ரேலோடு அரபு நாடுகளுக்கு யுத்தம் வந்ததை ஒட்டி, எண்ணெய் விலை ஏறியது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்தது, சில மாதங்களில் 12 டாலரை எட்டிப் பிடித்தது. பாலைவன தேசங்களில் பணம் மழையாய்க் கொட்டிற்று. ரஸ்தா போட, வீடு கட்ட, குழாய் பற்றவைக்க ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்பினார்கள். அரம் பிடித்துப் பழகிய கைக்கு அங்கே நல்ல கிராக்கி. 1978-ல் என் பெரியண்ணன், அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து ஏஜண்டுக்குக் கொடுத்துவிட்டு, குவைத்துக்கு விமானம் ஏறினார்.

மூன்றாவது மாதம் டிராப்ட் வந்தது. அப்பாவின் பெயருக்கு வந்தது. அவர் ஒரு வருஷம் உழைத்தாலும் கண்ணால் பார்க்காத தொகை! சங்கிலி மீண்டது. கூரை போய் மச்சு வந்தது. என் அக்காள் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. நான் காலேஜில் சேர்ந்து பொருளாதாரம் படித்ததும் அந்தப் பணத்தில்தான். எண்ணெய்ப் பணத்தைப் பழித்துப் பேச எனக்கு நாக்கு வராது.

ஆனால் சனிக்கிழமைக் கணக்கு நின்றுபோயிற்று. ஒரு நாள் அம்மா வழக்கம்போல், "இந்தத் தடவை வந்தது எவ்வளவு? எதுக்கெல்லாம் செலவு?" என்று கேட்டாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் கையிலயா வாங்குறேன்?" என்றார்.

அந்த மூன்று வார்த்தையில் இருக்கிற அரசியலை எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

குடிகளிடம் வரி வாங்கித் தின்கிற ராஜா, எவ்வளவு கொடுமைக்காரனாயிருந்தாலும், குடிகளின் முகத்தைக் கொஞ்சமாவது பார்த்தாக வேண்டும். 1755-ல் மைசூரிலிருந்து பௌஜ்தாராக வந்து எங்கள் மலைக்கோட்டையில் உட்கார்ந்த ஹைதர் அலிக்கு, சுற்றுவட்டாரத்தில் மழை பெய்ததா, விளைந்ததா என்ற கவலை இருந்திருக்கும். விளையாவிட்டால் சிப்பாய்க்குச் சம்பளம் ஏது? பூமியிலிருந்து நேராகக் கஜானாவுக்குப் பணம் பாயும் தேசத்தில் அந்தக் கவலை இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி தோண்டுகிறது. வெளிநாட்டுக் கப்பல் ஏற்றிப் போகிறது. பணம் அரண்மனைக்கு வருகிறது. பிரஜை கணக்குக் கேட்டால், "உன்னிடமா வரி வாங்குகிறேன்?" என்று கேட்டுவிடலாம்.

குவைத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கண்டது 1938-ல், கப்பலேறியது 1946-ல். அதற்கு முன் முத்துக் குளித்துப் பிழைத்த ஊர். குடிதண்ணீரைக்கூட ஈராக்கிலிருந்து படகில் கொண்டுவந்தார்கள். இன்று கடல் நீரையே குடிநீராக்கிக் கொடுக்கிறார்கள். வைத்தியம், படிப்பு எல்லாம் பிரஜைகளுக்குத் தர்மம். வருமான வரி கிடையாது. நல்ல காரியந்தான், யார் இல்லை என்றார்கள்? 1963-லிருந்து பார்லிமெண்டும் இருந்தது. மற்ற வளைகுடா தேசங்களைவிட அங்கே கூச்சல் அதிகம். ஆனால் 2024 மே மாதத்தில் அமீர் அந்தப் பார்லிமெண்டைக் கலைத்து, 4 வருஷம் வரைக்கும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கொடுக்கிற கை அதட்டினால் வாங்குகிற கை என்ன செய்யும்?

இரண்டாவது கஷ்டம் தொழிலில் வரும். எங்கள் வீட்டில் அப்பா பட்டறையைப் பூட்டினார். கூலி ஆள் இருவரும் வேறு வேலைக்குப் போனார்கள். சின்னண்ணன் அரத்தைத் தொட மாட்டேன் என்றான், அவனுக்கு விசா வரப் போகிறதாம்! (திண்டுக்கல் பூட்டுத் தொழிலையே குவைத் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. அலிகாரிலிருந்து வந்த மலிவுப் பூட்டுகள் அதைச் செய்தன. ஆனால் எங்கள் பட்டறையை மூடியது டிராப்ட்தான்.) இதையே ஒரு தேசத்துக்குப் பொருத்தினால் டச்சு வியாதி என்று பெயர். ஹாலந்தில் 1959-ல் பெரிய எரிவாயு ஊற்று கிடைத்தது. பணம் வந்து குவிந்ததில் அவர்கள் நாணயத்தின் மதிப்பு ஏறியது, அதனால் அவர்கள் செய்த சாமான்கள் வெளியே விலை போகவில்லை, ஆலைகள் படுத்தன. 1977-ல் லண்டன் பத்திரிகை ஒன்று இந்தப் பெயரைச் சூட்டிற்று.

ஹாலந்து பணக்கார தேசம், சமாளித்துக்கொண்டது. நைஜீரியாவின் கதையைக் கேட்டால் வேடசந்தூர்ப் பக்கத்துச் செம்மண் காட்டில் கடலை போடுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே கானோ என்ற ஊரில் நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார்களாம். அவற்றைப் படம் பிடிக்க வெளிநாட்டார் வருவார்களாம். 1956-ல் தெற்கே எண்ணெய் கிடைத்தது. 1970-களில் விலை ஏறியதும் சர்க்காருக்குக் கடலைக்காரன் தயவு தேவைப்படவில்லை. கோபுரங்கள் கரைந்து மறைந்தன. கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்கிற அந்த தேசம், பெட்ரோலைப் பல்லாண்டு காலம் வெளியிலிருந்து வாங்கியது. எண்ணெய் பாழாக்கிய வயல்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவை 1995-ல் ராணுவ சர்க்கார் தூக்கிலிட்டது.

எங்கள் வீட்டுக்கும் கேடு வந்தது, அதுவும் எண்ணெய் தேசத்திலிருந்தே. ஈராக்கில் சதாம் உசேன், எண்ணெய்ப் பணத்தையும் அண்டை நாட்டுக் கடனையும் வைத்துக்கொண்டு 8 வருஷம் ஈரானோடு யுத்தம் நடத்தினார். பிரஜைகளிடம் வரி வசூலித்து நடத்தியிருந்தால் எட்டு மாதம் நடந்திருக்குமா என்பது சந்தேகம். யுத்தம் முடிந்தபோது குவைத்துக்கு மலைபோல் கடன் நின்றது. குவைத் அதிகமாக எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது என்று வேறு கோபம். 1990 ஆகஸ்டு 2-ஆம் தேதி படைகள் உள்ளே புகுந்தன. யாரைக் கேட்டு? யாரையும் கேட்க வேண்டியதில்லையே!

ஆறு வாரம் அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை. அம்மா சோற்றைப் பிசைவாள், சாப்பிட மாட்டாள். அண்ணன் பஸ்ஸில் ஈராக் வழியாக ஜோர்டான் போய், அம்மான் நகரத்துக் கூடாரத்தில் கிடந்து, விமானம் ஏறிப் பம்பாயில் வந்து இறங்கினார். இந்திய சர்க்கார் சுமார் 2 மாதத்தில் ஏறக்குறைய 1,70,000 பேரை அப்படிக் கொண்டுவந்து சேர்த்தது. உலகத்தில் இது போல நடந்ததில்லை என்றார்கள். திண்டுக்கல் ஸ்டேஷனில் அவர் கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பை.

வீட்டில் மச்சு இருந்தது. அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை. வைஸ் இரண்டையும் எப்போதோ விற்றாகிவிட்டது. சங்கிலி மறுபடி அடகுக் கடைக்குப் போயிற்று. 1991-ல் தேசமும் அதையே செய்தது. எண்ணெய் விலை ஏறி, வளைகுடாப் பணம் நின்று, அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. அம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு, "அவங்க வீட்டிலும் கணக்குக் கேட்க ஆளில்லை போல" என்றாள். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாவி போடும் கடை வைத்தார். முதல் சனிக்கிழமை சில்லறையை அம்மா கையில் கொடுத்தார். அவள் எண்ணினாள்.

எண்ணெய் கிடைத்தும் கெடாத வீடு இல்லையா என்றால், நார்வே இருக்கிறது. அதற்குள் ஒரு ஈராக்கியர் கதையும் இருக்கிறது. பாரூக் அல் காசிம் என்பவர் பாஸ்ராவைச் சேர்ந்த எண்ணெய் நிபுணர். மனைவி நார்வே நாட்டுக்காரி. கடைசிப் பிள்ளைக்கு மூளை வாதம். வைத்தியத்துக்காக 1968-ல் உத்தியோகத்தை விட்டுக் குடும்பத்தோடு நார்வேக்கு வந்தார். ஆஸ்லோவில் அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. வேலை ஏதாவது உண்டா என்று தொழில் இலாகாவுக்கு நடந்து போய்க் கேட்டார். கடலில் எண்ணெய் தேடிக்கொண்டிருந்த அந்த இலாகாவில் எண்ணெய் தெரிந்த ஆள் அனேகமாக இல்லை! அவரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1969-ல் எண்ணெய் பொங்கிற்று. எண்ணெய் எடுக்கிற சர்க்கார் கம்பெனி ஒரு பக்கம், அதை மேற்பார்க்கிற இலாகா தனியாக இன்னொரு பக்கம் என்று 1972-ல் ஏற்பாடு ஆனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1990-ல் சட்டம் செய்து எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியில் போட்டார்கள். வருஷத்துக்கு அதில் 100-க்கு 3 அளவில்தான் எடுக்கலாம் என்று ஒரு வரம்பு. அதையும் பார்லிமெண்டில் வைத்துப் பேசி எடுக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் ஊர் முழுவதும் கேட்கிறது! முக்கியமாக, இத்தனை பணம் இருந்தும் ஜனங்களிடம் வரி வாங்குவதை அவர்கள் நிறுத்தவில்லை. வரி கொடுக்கிறவன் சும்மா இருப்பானா? கேட்கிறான். ஒன்றை மறக்கக் கூடாது: எண்ணெய் வருவதற்கு முன்பே அங்கே பார்லிமெண்டும் நேர்மையான உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள். பூட்டு முதலில் வந்தது. பெட்டி பிறகு நிறைந்தது. ஈராக்கில் 1927-லேயே எண்ணெய் பொங்கிவிட்டது.

நமக்கும் காவேரிப் படுகையில் கொஞ்சம் எண்ணெய் உண்டு. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் எடுக்கிறார்கள். 2017-ல் புதுக்கோட்டை ஜில்லா நெடுவாசலில் இன்னொரு திட்டம் வந்தபோது, பெண்கள் குழந்தைகளோடு வந்து பந்தலில் உட்கார்ந்து, எங்களைக் கேட்டீர்களா என்று நாட்கணக்கில் கேட்டார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது மாநிலச் சட்டம்; பழையவை அப்படியே ஓடுகின்றன. அந்தப் பந்தல் படத்தை என் அண்ணன் பத்திரிகையில் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கே 12 வருஷம் குழாய் பற்றவைச்சேன். அந்த எண்ணெய் எங்கே போகுது, காசு எங்கே போகுதுன்னு நான் யாரையும் கேட்டதில்லை. கேட்கலாம்னுகூடத் தோணினதில்லை, தங்கச்சி" என்றார்.

கடைக்கு ஆள் வந்து நின்றது. அரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.