தலையெழுத்தில்லாத தட்டு

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்றுப் புகுந்து, குற்றால மலையிற் சாரல் தூவத் தொடங்கிவிட்டால், பேரருவிக் கரையிலும் ஐந்தருவிக் கரையிலும் நிழற்படக் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு கூட்டத்தாரை முன்னாளில் யாவரும் கண்டிருப்பர். நீராடி நடுங்கி நிற்கும் குடும்பத்தாரை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பர், விலாசத்தைக் குறித்துக்கொள்வர், பின்னர்ப் படம் அஞ்சலில் வீடு வந்து சேரும். எம் தாயைப் பெற்ற தாத்தா அக்கூட்டத்தாருள் ஒருவர். 1974 முதல் 2001 வரை இருபத்தெட்டுச் சாரற்பருவங்கள் அவர் அவ்வாறு நின்றார். கைப்பேசி வந்தபின் அத்தொழிலின் நிலை யாதாயிற்று என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

அவர் விட்டுச்சென்ற உடைமை, ஏறக்குறைய 9,000 நெகட்டிவ்களும் பதினொரு விலாசக் குறிப்பேடுகளுமே. நெகட்டிவ் ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணுக்கு நேரே குறிப்பேட்டில் ஊரும் பெயரும் நாளும் இருக்கும். குறிப்பேடு இல்லையேல் அந்நெகட்டிவ்கள் பெயரறியாத முகங்களின் பெருங்கூட்டமேயாகும். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

சாரல் உடலுக்கு இனிது, படச்சுருளுக்கோ பகை. நெகட்டிவின் மேற்பூச்சிலுள்ள ஜெலட்டின் விலங்கின் எலும்பினின்றும் தோலினின்றும் எடுக்கப்படுவது. ஈரங் கண்டால் பூசணத்திற்கு அதனினும் சிறந்த விருந்தில்லை. பாதிக்கு மேற்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலை கண்டு, தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எம் தாய்மாமன், 2016இலிருந்து 2018 வரை ஓய்வு கிடைத்த இரவுகளிலெல்லாம் அவற்றை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றிவைத்தார். டிவிடிக்களிலும் ஒரு படி எடுத்தார். அந்த டிவிடிக்களுட் பல இன்று படிக்கப்படுவதில்லை. நெகட்டிவ்களோ, ஸ்கேன் செய்த பின்னர் மேலும் அழிந்துபட்டன. ஆகவே, இருபத்தெட்டு ஆண்டுக் குற்றாலம் முழுவதும் ஒரே ஒரு வன்தட்டில் உயிரை வைத்துக்கொண்டிருந்தது. காசிவிசுவநாதர் கோயிலின் சிதைந்த பழைய கோபுரமிருந்த இடத்தில் ஒன்பது நிலையோடு புதிய கோபுரம் எழுந்து 1990இல் குடமுழுக்கு நடந்தபோது தாத்தா எடுத்த படங்களும் அதனுள்ளேயே இருந்தன.

அத்தட்டு, சென்ற பங்குனி முதல் ‘டக் டக்’ என்று ஒலிக்கத் தொடங்கிற்று. இவ்வொலியை அறிந்தவர் அஞ்சுவர், மாமாவும் அஞ்சினார். அஞ்சியிருக்கும் வேளையிலேயே கடையநல்லூரிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அவருடைய தந்தையார் 1987இல் குடும்பத்தோடு பேரருவிக்கு வந்து தாத்தாவிடம் படம் எடுத்துக்கொண்டனராம். அஞ்சலில் வந்த படம் வீடு மாறியபோது தொலைந்துபோயிற்றாம். தந்தையார் மறைந்து நெடுநாளாயிற்று. அவருடைய முகத்தைக் காட்ட வேறு படம் இல்லையாம். மாமா குறிப்பேட்டைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். கணிப்பொறியைத் திறந்தால் தட்டு ‘டக் டக்’ என்று சொல்லிப் பாதியில் நின்றது. பத்து நாள் கழித்து வரும்படி அம்மையாரிடம் கூறிவிட்டு, 4 டெராபைட் அளவுள்ள புதிய தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, கல்லூரி விடுதியிலிருந்த எமக்குத் தொலைபேசியில் ஆள் விட்டார்: “மருமகனே, சனிக்கிழமை வண்டியேறி வந்துவிடு.”

தமிழ் சிறப்புப் பாடம் பயிலும் எம்மை இவ்வேலைக்கு அழைப்பானேன் என்று நண்பர் நகைக்கலாம். தென்காசிக்கு அண்மையிலுள்ள மத்தளம்பாறையில் ஸோகோ நிறுவனத்தார் பணிமனை அமைத்திருக்கிறார்கள். கணிப்பொறி கற்றவர்க்கு அப்பக்கத்திற் பஞ்சமில்லை. ஆயினும், குடும்பத்துப் பொருளைக் குடும்பத்துப் பிள்ளை தொடவேண்டும் என்பது மாமாவின் கொள்கை.

புதிய தட்டை உள்ளே பொருத்திக் கணிப்பொறியை இயக்கினோம். திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றி, இத்தட்டை ‘இனிஷியலைஸ்’ செய்தாலன்றிப் பயன்படுத்தவியலாது என்று தெரிவித்தது. இச்சொல்லுக்குத் தமிழ் யாது என்று யாம் சிறிது சிந்தித்தோம். ‘இனிஷியல்’ என்பதை நம்மவர் தலைப்பெழுத்து என்பர். அவ்வழியே நோக்கின், இதனைத் தலையெழுத்து எழுதுதல் என்றால் பெரும்பிழையன்று. தொழிற்சாலையினின்று வரும் தட்டு வெற்றுத் தட்டு. அதன் தலைப்பில், இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை இன்ன பகுதி என்று ஓர் அட்டவணை எழுதப்படவேண்டும். அஃது இல்லாத தட்டு, குறிப்பேடில்லாத நெகட்டிவ்ப் பெட்டியே.

அவ்வட்டவணை இருவகைப்படும். 1983இல் ஐபிஎம் கணிப்பொறிகளோடு வந்த பழைய முறைக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அது தட்டின் சிற்றறைகளை எண்ண 32 இருமவிலக்கங்களையே வைத்திருக்கிறது. ஓர் அறைக்கு 512 பைட் எனக் கொண்டால், 4,29,49,67,296 அறைகளோடு எண்ணிக்கை முடிந்துவிடும். அஃதாவது ஏறத்தாழ 2.2 இலட்சம் கோடி பைட். 4 டெராபைட் தட்டோ 4 இலட்சம் கோடி பைட் கொண்டது. ஆகவே, எம்.பி.ஆர். எழுதினால் தட்டிற் பாதிக்குச் சற்று அருகே வீணாகும். ஜி.பி.டி. என்னும் புதிய முறைக்கு இக்குறையில்லை. அன்றியும், அது தன் அட்டவணையைத் தட்டின் தலையில் ஒருமுறையும் கடையில் ஒருமுறையும் எழுதிவைக்கிறது. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும். யாம் ஜி.பி.டி.யைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினோம்.

கருவிப் பிழையால் வேண்டுகோள் நிறைவேறவில்லை என்று விடை வந்தது. மீண்டும் அழுத்தினோம், அதே விடை.

இடையில் மாமாவுக்கு வேறோர் ஐயம் பிறந்தது. திரையிலே தட்டின் அளவு 3,726 ஜிபி என்றிருந்தது. “நாலாயிரத்துக்குக் காசு கொடுத்தேனே, மிச்சம் எங்கே?” என்றார். தட்டுச் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024, 1,024ஆக எண்ணுகிறது. முற்காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டதைப் போன்றதே இது. நெல் குறையவில்லை, மரக்கால்தான் பெரிது. இவ்விளக்கம் அவருக்கு முழுதும் மனநிறைவு தந்ததாகத் தோன்றவில்லை.

தட்டைக் கணிப்பொறியோடு இணைக்கும் சாட்டா வடத்தை மாற்றினோம். வேறொரு துளையிற் செருகினோம். பயோஸ் திரையிற் பார்த்தோம். தட்டின் பெயர் அங்கே பிழையின்றித் தெரிந்தது. பெயரைச் சொல்லுகிறது, எழுதவொட்டாமல் மறுக்கிறது! வாங்கிய கடையார் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டனர்: தட்டு பழுது, அனுப்பினால் மாற்று வர இருபது நாளாகும். அம்மையார் வருவதற்கோ ஆறு நாளே எஞ்சியிருந்தது.

அன்று மாலை, அண்டைக் கடைக்காரரின் நண்பர் ஒருவர் வந்து எட்டிப்பார்த்தார். “டிஸ்க்பார்ட்டைத் திறந்து க்ளீன் கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லித் தாமே விசைப்பலகையை இழுத்தார். யாம் அவர் கையைப் பற்றிக்கொண்டோம். அக்கட்டளை, தட்டின் தலையெழுத்தை அழிப்பது, “அழிக்கலாமா?” என்று ஒரு சொல்லும் கேளாது. தட்டுகளை 0, 1, 2 என்று எண்ணாலேயே அது அறியும். வடத்தை மாற்றி மாற்றிச் செருகியபின் எந்த எண் எந்தத் தட்டு என்பது மாறியிருக்கவுங்கூடும். ஓரெண் பிசகினால் பழைய தட்டின் அட்டவணை தொலையும். தாத்தாவின் தட்டு கணிப்பொறியில் இணைந்திருக்கும்வரை அக்கட்டளையை எவரும் இடக்கூடாது என்றோம். வந்தவர் வருந்தினார் போலும். காப்பி அருந்தாமலே சென்றுவிட்டார். மாமாவின் முகம் வெளுத்திருந்தது.

அதன்பின் புதிய தட்டை விட்டுப் பழைய தட்டை ஆராய முற்பட்டோம். ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் நாட்குறிப்பு ஒன்றை உடையது. ஸ்மார்ட் என்பது அதன் பெயர். சாகும் தறுவாயிலுள்ள தட்டில் பெரும்பாலும் கெட்டுப்போய் மாற்றப்பட்ட அறைகளின் எண்ணிக்கை ஏறியிருக்கும். இத்தட்டில் அது சுழி. மாறாக, மின்சாரம் திடீரென அற்றுப்போய்த் தலைப்புமுனை அவசரமாகப் பின்வாங்கிய தடவைகள் மிகப் பலவாக இருந்தன. அத்தனை முறை மின்வெட்டு நிகழவில்லை. ஸ்டுடியோவில் யுபிஎஸ் இருக்கிறது. அங்ஙனமாயின், கணிப்பொறி நின்றிராத வேளையிலும் இத்தட்டுக்கு மட்டும் மின்சாரம் அற்றிருக்கிறது. ‘டக் டக்’ என்பது நோயின் ஒலியன்று, பசியின் ஒலி!

வன்தட்டுக்குள் இருவகை மின்சாரம் செல்கிறது. 5 வோல்ட் அதன் மின்னுறுப்புகளுக்கு. 12 வோல்ட் தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு. நின்றிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் மோட்டார் ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும். 5 வோல்ட் சரியாக வந்து 12 வோல்ட் தளர்ந்தால், தட்டு பெயரைச் சொல்லும், வேலை செய்யாது. புதிய தட்டு செய்ததும் அதுவே. அதன்மீது காதை வைத்துக் கேட்டோம். மெல்லச் சுழன்று, ஏறி, தளர்ந்து, மீண்டும் சுழன்றது.

கம்பியைப் பின்பற்றிக் கையை நுழைத்தோம். மின்வழங்கியில் தட்டுகளுக்கு நேராகச் செல்லும் முனைகள் போதாமையால், என்றோ எவரோ ஒரு நான்கு முள் முனையில் கிளைக்கம்பி ஒன்றைச் செருகி ஒன்றை இரண்டாக்கியிருந்தனர். ஒரு கிளையிற் பழைய தட்டு. மற்றொரு கிளையில், இப்பொழுது, புதிய தட்டு. கணிப்பொறியை அணைத்து அதனைக் கழற்றி வெளிச்சத்திற் பார்த்தோம். 12 வோல்ட் மஞ்சட் கம்பி சேருமிடத்தில் வெண்ணிற நெகிழி பழுப்பேறி இளகியிருந்தது. தொடுமுனை தளர்ந்து, சூடேறி, சூட்டால் மேலும் தளர்ந்திருக்கிறது. சந்தையில் மிகச் சிறு விலைக்குக் கிடைக்கும் பொருள் அது.

பழைய தட்டை முற்றிலும் கழற்றி மேசை மேல் வைத்தோம். டிவிடி கருவிக்குச் சென்ற நேர்முனையை உருவிப் புதிய தட்டிற் செருகினோம். இம்முறை அது தளராமல் ஒரே சீராய்ச் சுழன்றது. ஜி.பி.டி. என்று தேர்ந்து அழுத்தியவுடன், ஒரு விடையும் சொல்லாமல், தட்டு தன் தலையெழுத்தை ஏற்றுக்கொண்டது. மாமா, “இவ்வளவுதானா?” என்றார்.

1956இல் வந்த முதல் வன்தட்டுக் கருவியில் இரண்டடி அகலமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று கையளவுத் தட்டில் ஒரு பருவமன்று, ஒரு வாழ்நாளே அடங்குகிறது. ஆனால் அதுவும் ஒரு கம்பிமுனைக்குக் கட்டுப்பட்டதே. தென்காசிக் கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேருமாயின் அதனைச் சீர்செய்வார் யாவராயினும் அவரை இன்றே பணிகின்றேன் என்னும் கருத்தமைந்த பாட்டைக் கல்லில் வெட்டுவித்தான். 15ஆம் நூற்றாண்டில், கல்லிலே கட்டியவனுக்கே அக்கவலை இருந்தது. படியெடுப்பார் ஒருவரும் இன்மையால் செல்லரித்துப்போன ஏடுகளின் கதையை வகுப்பிற் கேட்கும்போதெல்லாம் யாம் பழம்புலவரை நொந்துகொள்வதுண்டு. ஒரே தட்டில் அனைத்தையும் வைத்திருக்கும் நம் காலத்தார் எவ்வகையில் மேலானவர் என்பது விளங்கவில்லை.

மறுநாள் திங்களன்று, நேர்முனைகள் போதியவளவு உள்ள புதிய மின்வழங்கி ஒன்றை வாங்கி வந்து, இரண்டு தட்டுகளையும் தனித்தனி முனையில் இணைத்துப் படியெடுக்கத் தொடங்கினோம். பழைய தட்டு ஒருமுறையும் ஒலிக்கவில்லை. எனினும், சாரற்காற்று அன்றிரவு வலுத்தது. மரக்கிளை முறிந்து மும்முறை மின்சாரம் நின்றது. நிற்குந்தோறும் யுபிஎஸ் கூவும். மாமா எழுந்து உட்காருவார். விடிவதற்குள் 780 ஜிபியும் சென்று சேர்ந்தன. கோப்புகளின் தொகையை இருபுறமும் ஒப்பிட்டோம். பருவத்திற்குப் பத்துப் படமாகத் திறந்தும் பார்த்தோம். மூன்றாவது படி ஒன்று இப்பொழுது பாளையங்கோட்டையில் எம் விடுதிப் பெட்டிக்குள் இருக்கிறது. சாரல் அங்கே வாராது.

அம்மையார் சொன்ன நாளில் வந்தார். படத்தை அச்சிட்டு உறையிலிட்டு வைத்திருந்தோம். ஈரவேட்டியோடு ஓர் இளைஞர்; அவர் தோளில், வாயைத் திறந்து அழுகின்ற நான்கு வயதுப் பெண்குழந்தை; பின்னால் வெண்புகைபோல் அருவி. அம்மையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “எங்க அப்பாவுக்கு இப்போ என்னைவிட வயசு கம்மி” என்றார்.

விலை வேண்டாவென்று மாமா மறுத்தும் அவர் கேட்கவில்லை. தம்பிக்கும் அனுப்ப வேண்டுமென்று இன்னொரு படி கேட்டார். மாமா 1987ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை விரித்து, தாத்தாவின் கையெழுத்தில் இருந்த பழைய கடையநல்லூர் விலாசத்தின் கீழே, இடம் நெருக்கி, தம்பியின் விலாசத்தை எழுதத் தொடங்கினார்.