ஜவ்வாது மலையில் ஒரு சக்கர நாற்காலி

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு முறை போய் வாருங்கள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். சரிவுகளில் சாமை வயல். வழியெல்லாம் புளியும் பலாவும். இதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. 93 அங்குலத் தொலைநோக்கி ஒன்று 1986 முதல் அங்கே வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் போனதும் நட்சத்திரங்களுக்காகத்தான். எங்கள் ஒன்பது வயதுப் பையனுக்குப் பிறந்ததிலிருந்தே நடை இல்லை. "மலைமேலே நட்சத்திரம் நிறையத் தெரியுமாமே, அம்மா!" என்று நச்சரித்தே அப்பாவைக் கரைத்துவிட்டான்.

தார்ச்சாலை வரை அவனுடைய நாற்காலி ராஜநடை போட்டது. மண்பாதையில் இறங்கியதுதான் தாமதம், சின்ன முன்சக்கரம் கல்லில் மாட்டிப் பையன் முன்னே சரிந்தான். நல்லவேளை, அவன் அப்பா பிடித்துக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தோம். பெரிய சக்கரம் முதலில் போனால் கல்லும் குழியும் அத்தனை படுத்துவதில்லை. உங்கள் வீட்டிலும் தேவைப்படலாம், நினைவில் வையுங்கள்.

ஒரு குடிசை வாசலில் ஒருத்தி இதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஏழு வயதுப் பெண். கால்கள் துவண்டு தொங்கின.

"அக்கா, இந்த வண்டி எங்க பாதையிலே போவுமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பாதி தூரம் இழுக்கத்தான் வேணும், அம்மா."

"இப்போ தூக்கிடறேன். இன்னும் ரெண்டு வருசம் போனா?"

என் இடுப்புக்கும் தெரிந்த கேள்விதான் அது!

அவளுக்கு டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொன்னேன். 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். வேலூர் பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையம் பிறந்ததும் அவர் முயற்சியால்தான்.

"ஆனால் யாரோ கொடுத்த நாற்காலியை அப்படியே வாங்கிவிடாதே. அடுத்தவள் ரவிக்கை நமக்குப் பொருந்துமா? இருக்கை அகலமானால் முதுகு கோணும். கால் தொங்கினால் பாதம் கோணும். குழந்தைக்கு அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும்" என்றேன்.

"கொஞ்ச நேரம் அவள் உட்காரட்டுமே, அம்மா" என்றான் என் பையன். அவனைத் திண்ணைக்கு மாற்றினோம். அந்தப் பெண் நாற்காலியில் அமர்ந்து, சக்கரத்தைத் தானே ஒரு சாண் தள்ளினாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

காலியான இடுப்போடு நின்ற தாய்க்குக் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமை அறுப்பு முடிஞ்சதும் வேலூருக்குப் போறேன், அக்கா."

அன்றிரவு பையன் ஆசை தீர நட்சத்திரம் எண்ணினான். நானோ, பாகாயத்துக்கு அவள் எத்தனை பஸ் மாற வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஜவ்வாது மலைக்குப் போனால் தேனும் சாமையும் வாங்கி வாருங்கள். வளர்ந்த குழந்தையை இடுப்பில் சுமந்தபடி யாராவது நின்றால், இரண்டு நிமிஷம் நின்று வேலூருக்கு வழியும் சொல்லிவிட்டு வாருங்கள்.