மாடியில் ஒரு தேன்பெட்டி

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் எப்போதும் தேன்பெட்டி இருக்கும். எறும்பு ஏறாமலிருக்க அதன் கால் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். பக்கத்திலேயே பாண்டி ஆடிய பிள்ளைகள் நாங்கள். 1990களின் தொடக்கத்தில் நோய் வந்து பெட்டி காலியானபோது ஆச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது குடியிருப்பு மாடியில் ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். "கொட்டுனா யாருங்க பொறுப்பு?" என்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்கடியில் பெருங்கூடு கட்டும் மலைத்தேனீ வேறு. பெட்டியில் வாழும் அடுக்குத்தேனீ சிறியது, சாது. ஒவ்வாமை உள்ளவர்களின் பயம் நியாயம்தான், அவர்களைக் கேட்டே வைக்க வேண்டும். ஆனால் ஒரேயடியாகத் தடையா? தடை போட்டிருந்த நியூயார்க் நகரமே 2010-இல் பதிவுசெய்து வளர்க்க அனுமதித்தது.

நேற்று முருங்கைப்பூவில் ஒரு தேனீ. கீழ்வீட்டு அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுதானா தம்பி நீங்க கேட்டது?"